பாதிப் படங்களைத் தின்ற ஒரு கோடு: ஹாஷ் மதிப்பைக் கோப்புப் பெயராக்குவது

2018-ல் குறிஞ்சி பூத்தபோது கொடைக்கானல் மலையில் கையில் போன் வைத்திருந்த எல்லாரும் படம் எடுத்தார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது, அடுத்து 2030-ல்தான். அதற்குள் இந்தத் தடவை எடுத்ததையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைத்துவிட வேண்டும் என்று கிளம்பினார் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவர். பூம்பாறை, மன்னவனூர் என்று மேல்மலைப் பக்கம் தெரிந்தவர்களின் போனிலிருந்தும் பழைய கேமரா கார்டுகளிலிருந்தும் வாங்கிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். நான் நிரல் எழுதிப் பிழைப்பவன் என்பதால் அடுக்கி வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் சிக்கலே பெயர். கேமராக்கள் பொதுவாகப் படத்துக்கு நாலு இலக்க எண்தான் வைக்கும். 9999 முடிந்தால் மறுபடி 0001. பத்துப் பேரிடம் வாங்கினால் 0234 என்ற எண்ணில் பத்துப் படம் இருக்கும், பத்தும் வேறு வேறு. இன்னொரு பக்கம், ஒரே படம் நாலு பேர் கார்டில் நாலு பெயரில் கிடக்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து, படத்தின் உள்ளடக்கத்திலிருந்தே பெயரைக் கணக்கிடுவது. அதுதான் ஹாஷ். கோப்பின் பைட்டுகளை எல்லாம் ஷா-256 என்ற கணக்குக்குள் ஊற்றினால் ஒரு எண் வரும். பைட்டுகள் அதே என்றால் எண்ணும் அதே. ஒரு பிட், அதாவது உள்ளே ஒரே ஒரு 0 அல்லது 1, மாறினாலும் சம்பந்தமே இல்லாத வேறு எண். அந்த எண்ணைப் பெயராக வைத்தால் ஒரே படத்தின் நாலு நகலும் ஒரே பெயரில் வந்து விழும், மூன்றைத் தூக்கிப் போடலாம்.

எழுதினேன், ஓட்டக் கொடுத்தேன். சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். "தம்பி, பாதிப் படம் டூப்ளிகேட்டுன்னு சொல்லுதே. அவ்வளவா ஃபார்வர்டு பண்ணிருக்காங்க?"

"நம்ம ஆளுங்களைத் தெரியாதாண்ணே?" என்று சிரித்தேன். அவரும் நம்பி, ஒரு கார்டை ஃபார்மேட் செய்துவிட்டார்.

அவை டூப்ளிகேட் அல்ல. தப்பு முழுக்க என்னுடையது, அதுவும் ஒற்றைக் குறியில். அதைப் புரிந்துகொள்ள, ஹாஷ் எப்படி எழுத்தாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

எண் ஒன்று, சட்டை நாலு

ஹாஷ் என்றதும் நம் மனதில் வருவது எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான ஒரு சரம். உண்மையில் ஹாஷ் சரமே கிடையாது. ஷா-256 தருவது 256 பிட், அதாவது 32 பைட் கொண்ட ஒரு பெரிய எண். அதை நாம் எப்படி எழுதிக்காட்டுகிறோம் என்பது தனிச் சமாச்சாரம். ஒரே நெல்லை உழக்கால் அளக்கலாம், படியால் அளக்கலாம், மரக்காலால் அளக்கலாம். எண்ணிக்கை மாறும், நெல் மாறாது.

சாதாரணப் பத்தடிமான எண்ணாக எழுதினால் 78 இலக்கம் வரை போகும். ஹெக்ஸ் என்கிற பதினாறடிமானத்தில், 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் உள்ள பதினாறு குறிகளால் எழுதினால், குறிக்கு 4 பிட் வீதம் 64 குறி. 32 வகைக் குறிகள் கொண்ட பேஸ்32-ல் குறிக்கு 5 பிட், ஆக 52 குறி. 64 வகைக் குறிகள் கொண்ட பேஸ்64-ல் குறிக்கு 6 பிட், 43 குறி; கூடவே நிரப்புவதற்காக வாலில் ஒரு = வந்து 44 ஆகும். குறிகளின் வகை கூடக்கூட பெயர் சுருங்குகிறது.

நான் சுருக்கத்துக்கு ஆசைப்பட்டு பேஸ்64-ஐ எடுத்தேன். படம் போன்ற கோப்புகளை எழுத்தாக மாற்றி மின்னஞ்சலில் அனுப்புவதற்காகப் பரவலான முறை அது. பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, எண் 10. இது 62 ஆயிற்று. மீதி இரண்டு இடத்துக்கு + என்பதையும் / என்பதையும் வைத்தார்கள். மின்னஞ்சலுக்கு அதில் ஒரு தொந்தரவும் இல்லை. கோப்புப் பெயருக்கு அந்த / எமன். லினக்ஸில் கோப்புப் பெயருக்குள் வரவே கூடாதவை இரண்டே இரண்டுதான், ஒன்று பூஜ்ய பைட், இன்னொன்று ஸ்லாஷ். ஸ்லாஷைக் கண்டால் அதற்கு முன்னால் இருப்பது ஃபோல்டர், பின்னால் இருப்பதுதான் கோப்பு என்று கணினி பிரித்துவிடும். அந்தப் பெயரில் ஃபோல்டர் எதுவும் இல்லை, ஆகவே எழுத முடியாது என்று பிழை வரும்.

பிழை வந்தது. என் நிரல்தான் அதை விழுங்கியது. "கோப்பு ஏற்கெனவே இருக்கிறது" என்ற பிழை வந்தால் டூப்ளிகேட் என்று கணக்கில் ஏற்றிவிட்டுத் தாண்டிப் போகச் சொல்லியிருந்தேன். ஆனால் நிரலை எழுதிய பைத்தான் மொழியில் அந்தக் குறிப்பிட்ட பிழையை மட்டும் பிடிக்காமல், சோம்பலில், இயங்குதளம் தரும் பிழைகள் அத்தனைக்கும் பொதுவான வகையைப் பிடித்திருந்தேன். "ஃபோல்டர் இல்லை" என்ற பிழையும் அதே வலையில் மாட்டி, அதுவும் டூப்ளிகேட் என்று பதிவானது.

சரி, ஏன் சரியாகப் பாதி? கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் வியப்பாக இருந்தது. பேஸ்64 பெயரில் ஒரு குறி ஸ்லாஷாக இல்லாமல் இருப்பதற்கு 64-ல் 63 வாய்ப்பு. தனியாகப் பார்த்தால் பயமே இல்லை. 43 குறியில் கடைசிக் குறிக்கு 4 பிட்தான் மிச்சம் இருக்கும் என்பதால் அது ஸ்லாஷாக வர வழியில்லை. மற்ற 42-ம் ஸ்லாஷாக இல்லாமல் தப்பிக்க, 63/64-ஐ 42 முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.516. அதாவது நூறு படத்தில் சுமார் 48 படத்தின் பெயரில் ஒரு ஸ்லாஷாவது இருக்கும். மூன்று படத்தை வைத்துச் சோதித்தால் ஏறத்தாழ ஏழில் ஒரு முறை எதிலும் ஸ்லாஷ் வராமல் தப்பிவிடும். நான் அப்படித்தான் மூன்றை வைத்துச் சோதித்துவிட்டு அனுப்பினேன்.

ஃபார்மேட் செய்த கார்டில் அதற்கப்புறம் எதுவும் எழுதவில்லை என்பதால், மீட்பு மென்பொருளை ஓட்டியதில் பெரும்பாலான படங்கள் திரும்பக் கிடைத்தன. எல்லாமே அல்ல.

ஸ்லாஷை எடுத்துவிட்டால் போதுமா?

இந்தத் தொல்லை பழையது என்பதால் தீர்வும் இருக்கிறது. 2006-ல் வந்த ஆர்எஃப்சி 4648 என்ற தர ஆவணம், இணைய முகவரிக்கும் கோப்புப் பெயருக்கும் ஏற்றது என்றே சொல்லி இன்னொரு பேஸ்64-ஐத் தருகிறது. அதில் + இருந்த இடத்தில் -, / இருந்த இடத்தில் _. முக்கிய நிரல் மொழிகள் பலவற்றில் இதற்குத் தயாராகச் செயற்கூறு உண்டு. வாலில் வரும் = குறியையும் வெட்டிவிடலாம்; நீளம் எப்போதும் 43 என்று தெரிந்திருக்கும்போது நிரப்பல் எதற்கு?

நானும் அதற்கு மாறினேன். ஒரு வாரம் நிம்மதி. அப்புறம் கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் டெர்மினலில் ஒரு ஃபோல்டரைச் சுத்தம் செய்யும்போது ஒரு கோப்பு அழிய மறுத்தது. பெயரின் முதல் குறி ஹைஃபன். 64-ல் ஒரு பெயர் அப்படித்தான் தொடங்கும். டெர்மினல் கட்டளைகளுக்கு ஹைஃபனில் தொடங்குவது கோப்பு அல்ல, உத்தரவு. பெயருக்கு முன்னால் ./ சேர்த்தால் சரியாகிவிடும் என்பது தெரிந்தவர்களுக்குச் சரி. நாளைக்கு யாரோ ஒருவர் அழிக்கும் கட்டளையோடு நட்சத்திரக் குறியைப் போட்டு ஓட்டினால், ஹைஃபனில் தொடங்கும் ஒரு பெயர் கட்டளையின் நடத்தையையே மாற்றிவிடலாம். அந்த அபாயத்தை 2030 வரை வைத்திருக்க எனக்கு மனமில்லை.

இங்கேதான் யோசனை திசை மாறியது. நான் என் லேப்டாப்பை வைத்துப் பெயரைத் தீர்மானித்துக்கொண்டிருந்தேன். படங்கள் என் லேப்டாப்பில் மட்டும் இருக்கப் போவதில்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்து கேபிள் அறுந்தால் இங்கே இரண்டு நாள் நெட் இருக்காது. பென் டிரைவில்தான் கை மாறும். அண்ணனிடம் விண்டோஸ். படத்தை டிசைன் செய்யும் இன்னொரு பையனிடம் மேக். பட்டியல் எக்செல்லில். மலைப்பாதையில் எவ்வளவு நீள லாரி ஏறலாம் என்பதை நேர் ரோடு தீர்மானிப்பதில்லை, கொண்டை ஊசி வளைவுதான் தீர்மானிக்கும். பெயருக்கும் அதே கதை.

வளைவுகள்

விண்டோஸ் கூடாது என்று சொல்லும் குறிகள் ஒன்பது: < > : " / \ | ? *. இதில் மிக மோசமானது முக்காற்புள்ளி. ஏனென்றால் அது பிழை காட்டாமல் ஏமாற்றும். ஹாஷுக்கு முன்னால் "ஷா256:" என்று வகையைப் போட்டு எழுதும் வழக்கம், நிரல்களைப் பொதியாகக் கட்டி ஓட்டும் டாக்கர் போன்ற கருவிகளில் உண்டு. அதை அப்படியே கோப்புப் பெயராக விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டில் எழுதினால், முக்காற்புள்ளிக்கு முன்னால் உள்ளது கோப்பு, பின்னால் உள்ளது அதற்குள் ஒளிந்திருக்கும் துணை ஓடை என்று எடுத்துக்கொள்ளும். விளைவு, ஆயிரம் படம் எழுதினாலும் கண்ணுக்குத் தெரிவது "ஷா256" என்ற பெயரில் 0 பைட் அளவுள்ள ஒரே ஒரு கோப்பு. உள்ளே ஆயிரமும் இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பென் டிரைவுக்கு நகலெடுத்தால் அந்த ஓடைகள் வராது. கன்டெய்னர் இமேஜ்கள் எனப்படும் அந்தப் பொதிகளை வட்டில் வைக்கும் தரம் இதனால் பாதிக்கப்படவில்லை. அது ஷா256 என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதற்குள் வெறும் ஹெக்ஸைப் பெயராக வைக்கிறது. வகையைச் சொல்ல அதுதான் சுத்தமான வழி.

கான், ஆக்ஸ், நல் போன்ற பெயர்களையும் விண்டோஸ் தன் பழைய சாதனங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறது. 64 குறி நீளப் பெயருக்கு இது பொருட்டே அல்ல, தாண்டலாம்.

அடுத்தது பெரிய எழுத்து, சின்ன எழுத்து. லினக்ஸ் இரண்டையும் வேறாகப் பார்க்கும். விண்டோஸ், மேக் இரண்டும் வழக்கமான அமைப்பில் ஒன்றாகவே பார்க்கும், பென் டிரைவின் ஃபேட் அமைப்பும் அப்படித்தான். பேஸ்64-ல் இரண்டும் வேறு வேறு குறி. ஆகவே விண்டோஸில் இரண்டு படம் மோதி ஒன்று அழிந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். கணக்கு அதை ஒத்துக்கொள்ளவில்லை. எழுத்துகளின் அளவு வேறுபாடு போனால் குறிக்கு 6 பிட் என்பது சராசரியாக 5.2 பிட் ஆகிறது. 43 குறிக்கு இன்னும் 220 பிட்டுக்கு மேல் மிச்சம். தற்செயலாக மோதவே மோதாது. உண்மையான தொல்லை வேறு. வழியில் ஏதாவது ஒரு கருவி பெயரைச் சின்ன எழுத்தாக்கிவிட்டால், அந்தப் பெயரிலிருந்து பழைய ஹாஷை மீட்க முடியாது. பெயரை வைத்துப் படம் கெடாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் வசதி போய்விடும். பாதி உபயோகம் அதுதானே.

அப்படியானால் எழுத்து அளவு ஒன்றே ஒன்று இருக்கும் முறைதான் வேண்டும். பேஸ்32-ம் ஹெக்ஸும் மிச்சம். பேஸ்32-ஐ விரும்புகிறவர்கள் நியாயமாகத்தான் விரும்புகிறார்கள். ஏ முதல் இசட் வரை, 2 முதல் 7 வரை. ஓ என்ற எழுத்தோடு குழம்பும் 0-வும், ஐ-யோடு குழம்பும் 1-ம் அதில் கிடையாது. டக்ளஸ் க்ராக்ஃபோர்டு என்ற நிரலாளர் உருவாக்கிய இன்னொரு பேஸ்32 வகையில், தற்செயலாகக் கெட்ட வார்த்தை அமைந்துவிடக் கூடாது என்று யூ என்ற எழுத்தையே நீக்கியிருக்கிறார். அந்த அளவுக்கு யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் யோசிக்காத ஒன்று எங்களுக்கு இருந்தது. அண்ணன் பட்டியலை நோட்டில் தமிழில் எழுதுகிறவர். படத்தின் முதல் எட்டுக் குறியைப் போனில் சொன்னால் எழுதிக்கொள்வார். ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்தும் பதினாறாவது எழுத்தும் தமிழில் எழுதினால் இரண்டும் "பி". நான்காவதும் இருபதாவதும் இரண்டும் "டி". பேஸ்32-ல் இந்த நாலுமே உண்டு. நோட்டில் "பி7டி3" என்று இருந்தால் அதை நாலு விதமாகப் படிக்கலாம். ஹெக்ஸில் எஃப்-போடு எழுத்துகள் முடிந்துவிடுகின்றன; ஒரே ஒரு பி, ஒரே ஒரு டி. தமிழில் எழுதித் திருப்பிப் படித்தாலும் ஒரே அர்த்தம்தான். சிக்னல் விட்டுவிட்டு வரும்போது "பி"-யும் "டி"-யும் "சி"-யும் ஒன்றுபோல் காதில் விழுவதால், டி என்றால் திண்டுக்கல், ஈ என்றால் ஈரோடு என்று ஊர் சொல்லிக் கொடுப்போம். பி-க்கு அண்ணன் வைத்திருப்பது பழனி. ஆங்கிலக் கணக்குப்படி அது வேறு பி. ஹெக்ஸில் அந்த வேறு பி-யே இல்லாததால் ஒரு குழப்பமும் வரவில்லை.

ஹெக்ஸின் ஒரே குறை நீளம். 64 குறியும் பின்னொட்டும் சேர்த்தால் எழுபதுக்குள் அடங்கும். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் வரை இடமுண்டு. விண்டோஸில் பழைய நிரல்களுக்கு முழுப் பாதையும் சேர்த்து 260 என்ற வரம்பு இருப்பதால், ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆழமாகப் போகாமல் இருந்தால் போதும்.

வெட்டலாமா?

எட்டுக் குறியைப் போனில் சொல்கிறோம் என்றேன். அப்படியானால் பெயரையே எட்டாக வெட்டிவிடலாமே என்று தோன்றும். எட்டு ஹெக்ஸ் குறி என்பது 32 பிட், அதாவது சுமார் 429 கோடி சாத்தியங்கள். நிறையப் போலத் தெரியும். ஒரு அறையில் 23 பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க ஐம்பது சதவீத வாய்ப்பு என்பார்களே, அந்தக் கணக்கு இங்கேயும் வேலை செய்கிறது. பத்தாயிரம் படத்தில் ஏதோ இரண்டு மோத நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல் வாய்ப்பு. எழுபத்தேழாயிரம் படம் சேர்ந்தால் பாதிக்குப் பாதி. மோதினால் ஒரு படம் இன்னொன்றின் மேல் எழுதப்படும், அல்லது டூப்ளிகேட் என்று சொல்லித் தூக்கிப் போடப்படும். எனக்கு ஏற்கெனவே பழக்கமான வார்த்தை.

நிரலாளர்கள் தங்கள் நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருள் இதில் தெளிவாக இருக்கிறது. திரையில் காட்டும்போது ஏழு குறி அளவுக்குச் சுருக்கிக் காட்டும். வட்டில் வைக்கும்போது முழு ஹாஷையும் வைக்கும். அதன் வழக்கமான ஷா-1 ஹாஷுக்கு 40 ஹெக்ஸ் குறி; முதல் இரண்டு குறியை ஃபோல்டர் பெயராகவும் மிச்சம் 38-ஐக் கோப்புப் பெயராகவும் பிரித்து வைக்கும். ஹெக்ஸில் இரண்டு குறி என்றால் 256 ஃபோல்டர். ஒரே ஃபோல்டரில் லட்சம் கோப்பு குவிந்து திறக்கவே நேரமெடுக்கும் அவதி இல்லை. ஹாஷ் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பதால் ஃபோல்டர்களும் ஏறக்குறைய சமமாக நிரம்பும். நானும் அப்படியே செய்தேன்.

எட்டுக் குறிச் சுருக்கத்தில் எக்செல் தனியாக ஒரு வேலை காட்டியது. "45190ஈ72" என்று ஒரு பெயர். நடுவில் ஈ இருப்பதைப் பார்த்ததும் அது அறிவியல் எண் என்று முடிவு செய்து 4.52ஈ+76 என்று மாற்றிவிட்டது. முழுக்க எண்ணாகவே அமைந்து 0-வில் தொடங்கும் பெயர்களில் முன்னால் உள்ள 0-வைத் தின்றுவிட்டது. சேமித்து மூடினால் பழைய பெயர் திரும்பாது. எழுத்தும் அடிக்கோடும் கொண்ட ஒரு முன்னொட்டைச் சேர்த்ததும் அடங்கியது. அந்த முன்னொட்டு முழுப் பெயருக்கும் பொருந்தும் என்பதால் அங்கேயும் வைத்துவிட்டேன்.

எதை ஹாஷ் செய்கிறோம்

இதுவரை சொன்னது ஹாஷ் வெளியே வரும் பக்கம். உள்ளே போகும் பக்கத்தில், தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு குழி இருக்கிறது.

இடத்தின் பெயரையும் தேதியையும் சேர்த்து ஹாஷ் செய்து, அந்தப் பெயரில் ஒரு ஆல்பம் ஃபோல்டர் வைத்தோம். "கொடைக்கானல்" ஆல்பம் இரண்டாக வந்தது. திரையில் இரண்டு சொல்லும் அச்சு அசலாக ஒன்றே. காரணம் முதல் எழுத்தான "கொ". எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றே. முதல் வகையில் கொடைக்கானல் 11 குறியீடு, 33 பைட். இரண்டாம் வகையில் 12 குறியீடு, 36 பைட். ஹாஷுக்குக் கண் கிடையாது, பைட்டைத்தான் பார்க்கும். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத இரண்டு எண் வந்தது. கோத்தகிரி, பொள்ளாச்சி, கோயம்புத்தூர் எல்லாவற்றுக்கும் இதே கதி.

எழுத்தை ஹாஷ் செய்யும் முன் அதை யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இது தீரும், ஒரு வரி வேலை. ஆனால் "ஸ்ரீ"-யை அது தீர்க்காது. அதை ஸகரத்தை வைத்தும் தட்டலாம், ஶகரத்தை வைத்தும் தட்டலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும் யூனிகோடின் கணக்கில் அவை வேறு வேறு சொற்கள். கோயில் பெயர்கள் நிறைய வரும் இடத்தில் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

ஹாஷே வேண்டாம், தமிழ்ப் பெயரையே கோப்புக்கு வைக்கலாமே என்று கேட்டால், வைக்கலாம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் லினக்ஸின் 255 பைட்டுக்குள் 85 குறியீடுதான் அடங்கும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். ஊர், மலை, எடுத்தவர், தேதி என்று எழுதினால் சீக்கிரமே முட்டும். விண்டோஸ் பைட்டை எண்ணாமல் குறியீட்டை எண்ணுவதால் அங்கே ஏற்ற பெயர் இங்கே ஏறாது.

பைத்தானின் உள்ளமைந்த ஹாஷ் செயற்கூறைச் சரங்கள்மேல் போட்டுக் கோப்புப் பெயர் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். 3.3 பதிப்பிலிருந்து, தாக்குதலுக்குப் பயந்து, நிரலை ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அது வேறு எண்ணைத் தரும். இன்று வைத்த பெயர் நாளைக்குத் தேடினால் கிடைக்காது. ஜாவாவின் ஹாஷ்கோட் மாறாது. ஆனால் அது 32 பிட்தான், சில நேரம் எதிர்ம எண்ணாகவும் வரும், மறுபடி முதலில் ஹைஃபன்.

எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறையைப் பற்றியும் கேட்பார்கள், 32 ஹெக்ஸ் குறிதானே, சின்னதாக இருக்கிறதே என்று. 2004-லேயே ஒரே எம்டி5 தரும் இரண்டு வெவ்வேறு தரவுகளை உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் ஒரே ஷா-1 கொண்ட இரண்டு பிடிஎஃப்-களை வெளியிட்டன. அந்த இரண்டையும் சோதனைக்காகச் சேர்த்ததும் வெப்கிட் என்ற பிரவுசர் திட்டத்தின் நிரல்களை வைத்திருந்த சப்வெர்ஷன் களஞ்சியமே தடுமாறி நின்றது. குறிஞ்சிப் படத்தை யாரும் அப்படித் தாக்க மாட்டார்கள்தான். இருந்தாலும் புதிதாக ஒன்றைத் தொடங்கும்போது ஷா-256 இலவசமாகக் கிடைக்கிறது.

பெயர் சொல்லாதவை

ஹாஷ் பெயர் பொய் சொல்லாது என்பார்கள். சொல்லும். பாதி எழுதும்போது கரன்ட் போனால், முழு ஹாஷைப் பெயராகத் தாங்கிய அரைப்படம் வட்டில் உட்கார்ந்திருக்கும். அடுத்த முறை நிரல் அந்தப் பெயரைப் பார்த்து "இருக்கிறதே" என்று நல்ல படத்தை ஒதுக்கிவிடும். அதனால் முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி, முடிந்த பிறகுதான் ஹாஷ் பெயருக்கு மாற்ற வேண்டும். பெயர் மாற்றம் நொடியில் முடியும், நடுவில் நிற்காது.

"ஈ3பி0சி442" என்று தொடங்கும் ஷா-256 பெயரை இந்த வேலையில் இருக்கும் பலருக்குப் பார்த்ததும் அடையாளம் தெரியும். அது ஒன்றுமே இல்லாத கோப்பின் ஹாஷ். நெட் அறுந்து 0 பைட்டில் நின்றுபோன படங்கள் எல்லாம், யார் எடுத்தது எங்கே எடுத்தது என்ற வேறுபாடு இல்லாமல், இந்த ஒரே பெயரில் வந்து சேரும். அந்தப் பெயர் வந்தால் சேமிக்காமல் கத்தச் சொல்லியிருக்கிறேன்.

வெளியிலிருந்து ஒரு பெயர் கேட்டு வந்தால், முன்னொட்டு போக நீளம் சரியா, 0 முதல் எஃப் வரையிலான குறிகள் மட்டும்தானா என்று பார்த்த பிறகே வட்டைத் தொட வேண்டும். இரண்டு புள்ளியும் ஸ்லாஷும் போட்டு மேல் ஃபோல்டருக்கு ஏறப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஹெக்ஸ் என்றால் இந்தச் சோதனை ஒற்றை வரியில் முடியும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் வழியில் மறுபடி அமுக்கப்படுவதால் அதன் ஹாஷ் வேறாகிவிடும். கண்ணுக்கு அதே படம், கணக்குக்கு வேறு கோப்பு. அதை இந்த முறை கண்டுபிடிக்காது. அதற்கு வேறு வகை ஹாஷ் உண்டு, அது தனிக் கட்டுரை.

இன்னொன்று. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல் நிறுவப்பட்டது. அங்கே நூறு வருஷத்துக்கு மேல் எடுத்த சூரியப் படங்கள் டிஜிட்டலாக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தேடி வரும் யாரும் ஹாஷைச் சொல்லிக் கேட்கப் போவதில்லை, எந்த வருஷம், எந்த நாள், எத்தனை மணி என்றுதான் கேட்பார்கள். எங்கள் படங்களுக்கும் கேட்கப் போவது எந்த மலை, எந்த மாதம் என்பதுதான். 64 ஹெக்ஸ் குறி அதில் எதையும் சொல்லாது. அதனால் ஹாஷ், இடம், தேதி, எடுத்தவர், பழைய பெயர் என்று ஒரு பட்டியல் படங்களோடு கூடவே போகிறது. யாருக்காவது படம் கொடுக்கும்போது அந்தப் பட்டியலைப் பார்த்து நிரல் படிக்கக்கூடிய பெயர் வைத்துக் கொடுக்கும். கிடங்கில் ஹாஷ் மட்டும். பட்டியல் தொலைந்தால் படங்கள் இருக்கும், ஆனால் யாருடையது என்று தெரியாது. எனவே பட்டியலுக்கு மட்டும் மூன்று நகல், அதில் ஒன்று அண்ணனின் நோட்டு.

இப்போது நகலெடுத்து முடிந்ததும் நிரல் மூன்று எண்ணைக் காட்டுகிறது: வந்தது எத்தனை, வைத்தது எத்தனை, டூப்ளிகேட் எத்தனை. டூப்ளிகேட் என்று சொன்ன ஒவ்வொன்றுக்கும் எதன் டூப்ளிகேட் என்றும் காட்ட வேண்டும், இல்லையென்றால் அண்ணன் கார்டைத் தரமாட்டார்.